மூச் டீச்சர் அளவெடுத்த கதை

"ஏழு மாசம் முடிஞ்சுட்டு மாஸ்டர். எனக்குக் கத்தரிக்கோல் எப்பத் தருவீங்க?"

"ம்" என்றாள் எப்சிபாய்.

அதற்கு மேல் அவளால் சொல்ல முடியாது. உதடுகளுக்கு நடுவே நாலு குண்டூசி இருந்தது.

ரூபாவதி அந்த "ம்"மை வீட்டுக்குக் கொண்டுபோய், சட்னிக்குத் தேங்காய் துருவும்போதும் யோசித்தாள். ஆமாம் என்ற ம்மா, பொறுங்கள் என்ற ம்மா? தேங்காய் தீர்ந்தது. அர்த்தம் கிடைக்கவில்லை.

பாளையங்கோட்டை மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், ஒரு பாத்திரக்கடை மாடியில் எப்சிபாயின் தையற்கடை. கல்யாணக் கவுன் என்றால் சுற்றுவட்டாரத்தில் அவள்தான். குருவுக்கு வயது முப்பத்தாறு. சிஷ்யைக்கு ஐம்பத்தொன்பது.

அதுகூடப் பரவாயில்லை. எட்டாம் வகுப்பில் இந்தக் குருவுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்ததே இந்தச் சிஷ்யைதான். அரையாண்டுப் பரீட்சையில் குரு வாங்கியது பதினேழு. அந்தப் பதினேழு இரண்டு பேருக்கும் நன்றாக ஞாபகம் இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

"கத்துக்க வந்த இடத்துல நான் யாரா இருந்தா என்ன?" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள் ரூபாவதி. தையல் தொழிலில் துணி வெட்டுகிறவர் மாஸ்டர். ஆகவே மாஸ்டர் என்றே கூப்பிட்டாள், வாங்க போங்க என்றே பேசினாள். எப்சிபாய்க்கோ டீச்சரை டீச்சர் என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட நாக்கு புரளாது.

ஆக ஒருத்தி டீச்சர், ஒருத்தி மாஸ்டர். துணி கொடுக்க வந்தவர்கள் யாரிடம் யார் படிக்கிறார்கள் என்று புரியாமல் இரண்டு பேருக்கும் வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள்.

ரூபாவதி முப்பத்துமூன்று வருடம் பெண்கள் பள்ளியில் கணக்கு நடத்தியவள். வகுப்புக்குள் நுழையும்போது ஒரே ஒரு சொல் சொல்வாள்.

"மூச்."

நாற்பத்தைந்து பிள்ளைகளும் கப்சிப். பிறகு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பாள். வெளியே வேப்பமரத்துக் காக்காய்கூடக் கொஞ்சம் தள்ளிப் போய் உட்காரும். ஊரில் அவளுக்கு மூச் டீச்சர் என்று பேர். அது அவள் ஒருத்தியைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

தையல் கற்க வந்ததற்குக் காரணம், மகள் ஜெமிலா. ஜெமிலா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரூபாவதி ஒரு கவுன்கூடத் தைத்துப் போட்டதில்லை. பட்டன் அறுந்தால் பக்கத்து வீட்டில் தைத்துக்கொண்டு வருவாள் அந்தப் பிள்ளை. கேட்டால், திருத்த வேண்டிய தாள் கிடக்கிறது என்பாள் அம்மா. தாள்கள் எல்லாம் திருத்தி முடிந்து ஓய்வும் பெற்ற பிறகு ஒருநாள் திரும்பிப் பார்த்தால், ஜெமிலாவுக்கு இருபத்தேழு வயது. மதுரையில் வேலை. மாப்பிள்ளையும் பார்த்தாகிவிட்டது.

கல்யாணத்தன்று சர்ச்சுக்கு அவள் போட்டுக்கொண்டு நடக்கப்போகும் கவுனையாவது தன் கையால் வெட்ட வேண்டும். ரூபாவதிக்கு அவ்வளவுதான் ஆசை. அந்த ஆசையை அவள் மகளிடம் சொல்லவில்லை. மாஸ்டரிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

ஏழு மாதமாக மாஸ்டர் கொக்கி வைக்கவும், பட்டன் துளைக்குக் காஜா எடுக்கவும், ஓரம் மடித்துத் தைக்கவும்தான் கொடுத்தாள். கத்தரிக்கோலைக் கொடுக்கவில்லை.

மாஸ்டர் அதிகம் பேசுவதும் இல்லை. நாலு ஊசியும் வாயில் இருந்தால் "ம்" அல்லது "ம்ஹும்". இரண்டை எடுத்தால் ஒரு வாக்கியம். நாலையும் எடுத்து ரூபாவதி பார்த்ததே கிடையாது. ஞானிகள் குறைவாகத்தான் பேசுவார்கள் என்று அவள் சமாதானம் செய்துகொண்டாள்.

*

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தபோது மாஸ்டர் இரண்டு ஊசியை எடுத்தாள்.

"தோழிப் பிள்ளைக அஞ்சு பேருக்கும் நீங்க அளவெடுங்க டீச்சர். சரியா வந்துட்டுன்னா, ஜெமிலா கவுன நீங்களே வெட்டுங்க."

ஊசி திரும்ப உள்ளே போய்விட்டது.

ரூபாவதிக்குச் சிரிப்பு வந்தது. அளப்பதா? மூன்றாம் வகுப்புப் பாடம். கோளத்தின் கன அளவு சொல்லிக் கொடுத்தவளுக்கு ஒரு இடுப்பு எம்மாத்திரம்?

புதிதாக ஒரு கிராஃப் நோட்டு வாங்கினாள். சிவப்பு மையில் ஓரக்கோடு போட்டாள். பெயர், தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று கட்டம் பிரித்தாள்.

மணப்பெண்ணின் தோழிகள் ஐந்து பேரும் ஜெமிலாவோடு ஒரே பள்ளியில், ரூபாவதியின் வகுப்பிலேயே படித்தவர்கள். ஆளுக்கொரு பையோடு வந்து வரிசையாக நின்றார்கள். பைக்குள் ஆளுக்கொரு அளவு ஜாக்கெட். நம்மூர்ப் பெண்கள் தையற்காரரிடம் உடம்பைக் கொடுக்கமாட்டார்கள், என்றோ பொருத்தமாக இருந்த ஒரு ஜாக்கெட்டைத்தான் கொடுப்பார்கள்.

முதலில் பெனிட்டா. போலீசில் இருக்கிறாள். வண்ணார்பேட்டை முக்கில் ஒற்றை விரலால் லாரியை நிறுத்துகிறவள். அவளுடைய ஜாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தாள் ரூபாவதி.

"இது எந்த வருஷத்து அளவு?"

"காலேஜ் படிக்கையில தச்சது டீச்சர்."

"இப்ப நீ காலேஜா படிக்க?"

"இல்ல டீச்சர்."

"ஜாக்கெட்ட அளந்தா ஜாக்கெட் அளவுதான் வரும். உள்ள வையி. நேரா நில்லு."

மற்ற நாலு பேரும் பையை அவசரமாக முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்கள்.

ஷெர்லின் என்ற பெண் மட்டும் மெல்ல வாயைத் திறந்தாள். "டீச்சர், எனக்கு ரெண்டு இஞ்ச் குறைச்சே எழுதுங்க. கல்யாணத்துக்குள்ள குறைச்சிருவேன். சாயந்திரம் சாயந்திரம் நடக்கேன்."

"நடந்து முடி. அப்புறம் எழுதுவோம்."

இதுவரை ரூபாவதி சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. தையல் தெரிந்த யாரும் கேட்டுத் தலையாட்டுவார்கள்.

ஒவ்வொருத்தியையும் மூன்று தடவை அளந்து சராசரி எடுத்தாள். அரைக்கால் இஞ்சைக்கூட விடவில்லை. பெனிட்டா இடுப்பு முப்பது. எழுதிவிட்டு ஒரு தடவை அவளை ஏறிட்டுப் பார்த்தாள். டேப் பொய் சொல்லாது. கோடு கிழித்தாள்.

நோட்டை மாஸ்டரிடம் நீட்டினாள். மாஸ்டர் பெனிட்டாவைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள்.

"ம்" என்றாள்.

*

நல்ல துணியில் கை வைக்கும் முன், எப்சிபாய் விலை குறைந்த காடாத் துணியில், பிரிக்க வசதியாக லேசாக ஓட்டுத் தையல் போட்டு உடம்புப் பகுதியை மட்டும் தைத்துப் பார்ப்பாள். ஐந்தும் தயாரானது. ஐந்து பேரும் வந்து போட்டுக்கொண்டு நின்றார்கள்.

கச்சிதம். ஒரு சுருக்கம் இல்லை.

"பாத்தீங்களா மாஸ்டர்?"

மாஸ்டர் இரண்டு ஊசியை எடுத்தாள். "கீழ போயி பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வடை வாங்கிட்டு வாரீங்களா டீச்சர்?"

குரு வடை வாங்கிவரச் சொன்னால் சிஷ்யை வாங்கிவரத்தான் வேண்டும். ரூபாவதி படியிறங்கிப் போய், சூடாக ஐந்து உளுந்தவடை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

பெஞ்சுக்குப் பக்கத்தில் ஐந்து பேரும் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். எல்லோரும் முதுகைச் சுவரோடு ஒட்டி வைத்திருந்தார்கள்.

"திரும்பு."

திரும்பினார்கள். ஐந்து முதுகிலும் தையல் விட்டிருந்தது. பெனிட்டாவுக்கு மேலிருந்து கீழ்வரை.

"நாங்க ஒண்ணும் செய்யல டீச்சர். உக்காந்தோம், அவ்வளவுதான்."

"வடை தின்னா இப்படித்தான் ஆகும்."

"வடை உங்க கையிலல்லா இருக்கு டீச்சர்."

ரூபாவதி பொட்டலத்தைப் பார்த்தாள். உண்மைதான், வடை இன்னும் ஆறக்கூட இல்லை.

அன்று மாலை வீட்டில் டேப்பை இரும்பு ஸ்கேலோடு வைத்துச் சரிபார்த்தாள். டேப்பில் குற்றமில்லை. அப்படியானால் முறையில்தான் குற்றம். நிற்கிற உடம்பு வேறு, உட்கார்ந்த உடம்பு வேறு. வெறும் வயிறு வேறு, நிறைந்த வயிறு வேறு. கண்டுபிடித்த சந்தோஷத்தில் நோட்டில் அடிக்கோடிட்டு எழுதிக்கொண்டாள்.

மறுபடி ஐந்து பேரையும் வரவழைத்தாள். இந்தத் தடவை மத்தியானம் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு. பெனிட்டா அந்த உத்தரவைச் சிரமேற்கொண்டு முழுப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வந்தாள். உட்காரவைத்தே அளந்தாள் ரூபாவதி.

அரை இஞ்ச்தான் கூடியிருந்தது.

"ஒரு பிரியாணிக்கு அரை இஞ்ச்" என்று ஓரத்தில் குறித்துக்கொண்டாள்.

*

இரண்டாவது காடாத் துணி.

இந்தத் தடவை ரூபாவதி அவர்களை உட்காரவைத்து, எதிரே ஒரு நாற்காலி போட்டுத் தானும் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் காத்திருந்தாள். ஒரு நூல் விடவில்லை. ஐந்து பேரும் ஆடாமல் அசையாமல் இருந்தார்கள். ஷெர்லினுக்கு மட்டும் காது சிவந்திருந்தது.

"கத்தரிக்கோல் மாஸ்டர்?"

மாஸ்டர் பெருமூச்சு விட்டாள். ஊசி வாயிலிருந்ததால் அது மூக்கு வழியாக வந்தது. இரண்டை எடுத்தாள்.

"கீழ ஒரு வெள்ளை நூல்கண்டு வாங்கிட்டு வாங்க டீச்சர்."

ரூபாவதி நாலு படி இறங்கியிருப்பாள். மேலே யாரோ கலகலவென்று பேசுகிற சத்தம்.

"எட்டி பெனி, உன் வயித்த எங்கட்டி ஒளிச்சு வச்ச? முப்பதாம்லா முப்பது. என் தையல் மிஷினுக்கே முப்பத்தஞ்சு இருக்கும். மூச்ச விட்டுத் தொலைங்கட்டி, டீச்சர் போயிட்டாவ. யாரும் மயங்கிக் கியங்கி விழுந்துட்டா நான் என்ன செய்வேன்?"

சிரிப்பு. பிறகு வரிசையாக டர், டர், டர்.

ரூபாவதி படியிலேயே நின்றாள். மார்க்கெட் இரைச்சலில் சொல் ஒன்றும் பிடிபடவில்லை, குரல் மட்டும் கேட்டது. அது யார் குரல்? ஏழு மாதமாக அந்தக் கடையில் அப்படி ஒரு குரலை அவள் கேட்டதில்லை.

சட்டென்று திரும்பி மேலே ஏறினாள். கதவருகில் போனபோது உள்ளே சத்தம் இல்லை. ஐந்து பேரும் நேராக நின்றார்கள். எப்சிபாய் வாயில் நாலு ஊசி.

"இப்ப இங்க பேசினது யாரு?"

"ம்" என்றாள் எப்சிபாய்.

ரூபாவதிக்கு மனசு விட்டுப்போயிற்று. தான் இல்லாதபோது மட்டும் பேசப்படுகிற வித்தை ஏதோ இருக்கிறது. சிஷ்யைக்கு மட்டும் அதைச் சொல்லித் தரவில்லை. பள்ளியில் ஒரு பிள்ளைக்குக்கூட அவள் பாடத்தை மறைத்ததில்லை. அதனால் இது கொஞ்சம் அதிகமாகவே வலித்தது.

"மாஸ்டர், நீங்க எப்படி அளக்கீங்கன்னு எனக்குக் காட்டித் தாங்க. நான் ஓரமா உக்காந்து பாக்கேன்."

*

மறுநாள் ஒரு அம்மாள் துணியோடு வந்தாள். ரூபாவதி தூணுக்குப் பின்னால் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

எப்சிபாய் இரண்டு ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள். "உங்க மாமியாருக்கு முட்டுவலி எப்படி இருக்கு?"

அவ்வளவுதான். அந்த அம்மாள் முட்டில் ஆரம்பித்து இடுப்புவலி, எண்ணெய்த் தேய்ப்பு, நாத்தனார், நாத்தனாரின் புது ஃப்ரிட்ஜ் என்று போய்க்கொண்டே இருந்தாள். டேப் எப்போது சுற்றியது, எப்போது விலகியது என்று அவளுக்கே தெரியாது. அளவு முடிந்துவிட்டது, ஃப்ரிட்ஜ் முடியவில்லை.

ரூபாவதி எழுதிக்கொண்டாள்: அளக்கும்போது கேள்வி கேட்க வேண்டும்.

சாயந்திரமே பெனிட்டாவைப் பிடித்தாள். டேப்பை இடுப்பில் சுற்றினாள். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"உன் மாமியாருக்கு முட்டுவலி எப்படி இருக்கு?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல டீச்சர்."

"சரி. வேலை எப்படிப் போவுது? விளக்கமாச் சொல்லு."

பெனிட்டா குதிகாலைச் சேர்த்தாள். கை இரண்டும் தொடையோடு ஒட்டின. "நல்லாப் போவுது டீச்சர். தினமும் காலையில ஆறு மணிக்கு டூட்டி டீச்சர். தப்பு ஏதும் செய்யல டீச்சர்."

டேப்பைப் பார்த்தாள் ரூபாவதி. இருபத்தொன்பது. கேள்வி கேட்டதில் ஒரு இஞ்ச் குறைந்திருந்தது.

*

கல்யாணத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது ஜெமிலா மதுரையிலிருந்து வந்தாள். நேராகக் கடைக்கே வந்துவிட்டாள்.

ரூபாவதி கிராஃப் நோட்டை மூடி மேஜையில் வைத்திருந்தாள். அதன்மேல் டேப்பைச் சுருட்டி வைத்திருந்தாள்.

"மாஸ்டர், நான் பெயில். நீங்களே அளந்து நீங்களே வெட்டிருங்க."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல் மற்றவர்களைப் பற்றி எத்தனையோ தடவை வந்திருக்கிறது. தன்னைப் பற்றி வந்தது இதுதான் முதல் தடவை. சொல்லி முடித்ததும் மேஜையில் இருந்த காடாத் துணித் துண்டால் கண்ணாடியைத் துடைப்பதுபோல் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எப்சிபாய் டேப்பை எடுத்துத் திரும்ப அவள் கையிலேயே வைத்தாள். ஜெமிலாவைக் காட்டினாள்.

ஜெமிலா முன்னால் வந்து நின்றாள். கால் சேர்ந்திருந்தது, முதுகு நிமிர்ந்திருந்தது, கண் நேராகச் சுவரில் இருந்தது.

ரூபாவதி அளந்தாள். இருபத்தெட்டு.

"இந்தா பாருங்க மாஸ்டர். சரியாத்தான அளக்கேன்?"

எப்சிபாய் இரண்டு ஊசியை எடுத்தாள். கையை நீட்டினாள்.

"உங்க கண்ணாடியக் கழத்தித் தாங்க டீச்சர்."

"எதுக்கு? கண்ணாடி இல்லாம எனக்குச் சுவரும் கதவும் ஒண்ணுல்லா."

"தாங்க டீச்சர்."

எப்சிபாய் அவள் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டியிருந்தாள். குரு ஏன் சுவரைப் பார்க்க வேண்டும் என்று ரூபாவதிக்கு விளங்கவில்லை. ஆனாலும் கழற்றிக் கொடுத்தாள். உலகம் மொத்தமும் வெந்நீர் ஆவிக்குப் பின்னால் போய்விட்டது.

"இப்ப அளங்க."

ரூபாவதி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நடந்தாள். ஒரு தோள் கையில் பட்டது. தடவிக்கொண்டே இறங்கினாள். இடுப்பைக் கண்டுபிடித்துச் சுற்றினாள். டேப்பை மூக்குக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இருபத்தாறு. ஏம்மா, ஒரு நிமிஷத்துல ரெண்டு இஞ்ச் குறைஞ்சுட்ட. மதுரையில ஒழுங்காச் சாப்பிடுதியா இல்லியா?"

டேப்பைத் தோளுக்கு ஏற்றினாள்.

"ஆனா நிக்கது அழகா நிக்க. இப்படித்தான் நிக்கணும். அந்த பெனிட்டாவும் இருக்காளே, ஒரே நெளிசல்."

மகளின் கன்னத்தைத் தட்டிக்கொடுக்கலாம் என்று கையைத் தூக்கினாள். கழுத்துக்கு மேலே ஒன்றும் இல்லை.

"அம்மா," என்று பக்கத்திலிருந்து குரல் வந்தது. "நீ அளக்கது பொம்மைய."

கடையில் கவுன் மாட்டி வைக்கிற, தலை இல்லாத துணிப் பொம்மை அது.

ஜெமிலா அம்மாவை வாங்க போங்க என்று பேசிப் பழகியவள். இன்று நீ என்று வந்துவிட்டது. அதைக் கவனிக்க அவளுக்கே நேரமில்லை, சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கப் பார்த்தாள். வாயைப் பொத்தினாள். அது விரலிடுக்கு வழியாக வந்தது.

ரூபாவதி குரல் வந்த பக்கம் திரும்பி டேப்பைச் சுற்றினாள். இந்தத் தடவை சூடான, குலுங்குகிற இடுப்பு. குலுங்கலில் டேப் நிற்கவே இல்லை. பழக்கதோஷம், வாய் தானாகத் திறந்தது.

"மூச்…"

டேப் இறுகியது. ஒரு நொடியில் விரலுக்கு அடியிலிருந்த வயிறு எங்கோ உள்ளே போய்விட்டது. சிரிப்பு நின்றுவிட்டது.

கண்ணாடி போட்டிருந்த நாளில் ரூபாவதி இதைப் பார்த்ததில்லை. இப்போது விரலில் தெரிந்தது.

அவள் டேப்பைப் பிடித்திருந்த விரல்களைத் தளர்த்தினாள்.

"…சு விடு" என்றாள். "மூச்சு விடு பிள்ளை."

டேப் நகர்ந்தது. ஒரு இஞ்ச். இன்னொரு இஞ்ச். மூன்றாவது இஞ்சும் நகர்ந்தபின் ரூபாவதி டேப்பை விரலால் அழுத்திப் பிடித்தாள்.

"எனக்குத் தெரியல. எவ்வளவுன்னு நீயே பாத்துச் சொல்லு."

"முப்பத்தொண்ணு."

"அப்ப அந்த இருபத்தெட்டு?"

"அது உனக்காகம்மா" என்றாள் ஜெமிலா.

*

ஐந்து பேரும் மூன்றாவது தடவையாக வந்தார்கள். ரூபாவதி கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஜெமிலாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாள். முதலில் நாற்காலியிடம் "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள். அதற்குள் ஷெர்லினுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. டேப்பில் வந்த எண்ணை அவரவரே படித்துச் சொன்னார்கள்.

பெனிட்டா மட்டும் கடைசிவரை முறுக்கிக்கொண்டு நின்றாள்.

"விடு" என்றாள் ரூபாவதி.

"விட்டுட்டேன் டீச்சர்."

"இன்னும் இருக்கு. விடு."

விட்டாள். முப்பத்தைந்தரை.

மூன்றாவது காடாத் துணியைப் போட்டுக்கொண்டு ஐந்து பேரும் உட்கார்ந்தார்கள், குனிந்தார்கள், வடை தின்றார்கள். பெனிட்டா லாரியை நிறுத்திக் காட்டினாள். ரூபாவதி அத்தனை நேரமும் அறைக்குள்ளேயேதான் இருந்தாள். ஒரு தையலும் விடவில்லை.

எப்சிபாய் சுவரில் ஆணியில் தொங்கிய பெரிய கத்தரிக்கோலை எடுத்து, கைப்பிடிப் பக்கமாக நீட்டினாள்.

*

வெட்டுகிற அன்று காலை ரூபாவதி குளித்து, ஜெபம் பண்ணிவிட்டு வந்தாள். துணி வெட்டக் கண் தெரிய வேண்டும், ஆகவே கண்ணாடி மூக்கில் ஏறிவிட்டது.

வெள்ளை லேஸ் துணி. சரம் சரமாகக் கொடி, கொடியில் ஒரே பக்கமாகத் தலைதூக்கிய சின்னச் சின்னப் பூ. ஜெமிலா தேடித் தேடி வாங்கியது. கடையில் இதில் இனி ஒரு முழம்கூடக் கிடையாது.

நீள மேஜையில் விரித்தாள். தாளில் வெட்டிய அச்சுகளை மேலே வைத்தாள். கழுத்துப் பக்கம் இங்கே, கால் பக்கம் அங்கே. சுண்ணக்கட்டியால் கோடு போட்டாள். கோடு கோடாகவே இருந்தது, முப்பத்துமூன்று வருடம் கரும்பலகையில் போட்ட கை அல்லவா. ஒவ்வொரு அளவையும் இரண்டு தடவை சரிபார்த்தாள். எல்லாம் நோட்டில் உள்ளபடி இருந்தது.

ஜெமிலா வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபோனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

ரூபாவதி கத்தரிக்கோலை விரித்தாள். கீழ்வாயைத் துணிக்கு அடியில் விட்டாள். கண்ணாடிக்கு மேலாகக் குருவைப் பார்த்தாள்.

"எல்லாம் சரிதான மாஸ்டர்?"

"ம்" என்றாள் எப்சிபாய்.

ரூபாவதி வெட்டப் போனாள், கண்ணாடியை மேலே ஏற்றி இன்னொரு தடவை பார்த்தாள். வெட்டவில்லை.

எப்சிபாயின் தோள் இரண்டும் காது வரை ஏறி, அங்கேயே நின்றிருந்தன. நெஞ்சு ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. உதட்டில் இருந்த நாலு ஊசியும் ஆடாமல் இருந்தன. எட்டாம் வகுப்பில், மூன்றாவது பெஞ்சு, ஜன்னலோரம் இருந்த பிள்ளையும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாள்.

ரூபாவதி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். தடவித் தடவி ஊசிமெத்தையைக் கண்டுபிடித்து, குத்துமதிப்பாகக் குரு இருந்த திசையில் நீட்டினாள்.

நீட்டியபடியே காத்திருந்தாள்.

எப்சிபாய் ஓர் ஊசியை எடுத்துக் குத்தினாள். இரண்டாவது. கொஞ்சம் யோசித்துவிட்டு மூன்றாவது.

நாலாவதையும் எடுத்தாள்.

"டீச்சர், பூவெல்லாம் தலைகீழா இருக்கு."